நூறு ஓம் தடைக்காக மூன்று முறை சென்னைக்கு

வானிலைக் கருவியைச் சோதிக்க வைத்திருக்கும் நூறு ஓம் தரத் தடையை (மதிப்பு துல்லியமாகத் தெரிந்த மின்தடையை) அளந்து தரும்படி சென்னை ஆய்வகம் ஒன்றில் கொடுத்திருந்தேன். அவர்கள் கொடுத்த சான்றிதழ் உறையை அங்கேயே பிரித்துப் படிக்காமல் ரயிலேறியது நான் செய்த பெரிய பிழை. பரமக்குடியைத் தாண்டி விடிந்த பிறகுதான் சான்றிதழைப் பார்த்தேன். ‘100.08 ஓம்’ என்ற ஒற்றை எண்ணும் அதன்கீழ் ஒரு முத்திரையும் இருந்தன. அளந்தபோது அறையின் வெப்பநிலை என்ன, அளவீட்டின் நிச்சயமின்மை (உண்மை மதிப்பு எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற எல்லை) எவ்வளவு, இரண்டு முனைகளில் அளந்தார்களா நான்கு முனைகளிலா என்ற விவரம் எதுவும் அதில் இல்லை.

மண்டபம் கரையில் நாங்கள் பராமரிக்கும் தானியங்கி வானிலை நிலையம், பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒப்பீட்டு வெப்பமானியைவிட ஏறக்குறைய 0.4 டிகிரி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதிலுள்ள பிளாட்டினம் வெப்பமானி 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம் தடை கொண்டது; ஒரு டிகிரிக்கு அது கிட்டத்தட்ட 0.39 ஓம் மாறும். ஆகவே, சரியாக 100 ஓம் கொண்ட தரத் தடை ஒன்றை, வெப்பமானியின் தடையை வெப்பநிலையாக மாற்றிப் பதியும் டேட்டா லாகரில் இணைத்தால் திரையில் சுழியம் வர வேண்டும். லாகர் தவறா, வெப்பமானி தவறா என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் காற்றின் வெப்பநிலைக்கு உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி கேட்கும் 0.1 டிகிரித் துல்லியம் என்பது 0.04 ஓமுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தத் தடையின் மதிப்பையே 0.08 ஓம் பிசகாக எழுதிக் கொடுத்தால், அதை நம்பி லாகரைத் திருத்துகிறவர் நல்ல கருவியை 0.2 டிகிரி கெடுத்துவிடுவார்.

முந்தைய ஆண்டின் சான்றிதழில் அதே தடை 100.002 ஓம் என்று இருந்தது. கீழே விழாத, அடி படாத மாங்கனின் என்ற உலோகக் கலவைக் கம்பியாலான தடை ஓராண்டில் அவ்வளவு மாறாது. இரண்டு முனைகளில் மட்டும் அளந்ததால் மீட்டரின் கம்பிகளும் பிடிப்புகளும் தங்கள் தடையையும் சேர்த்துக் காட்டியிருக்கின்றன என்பது எனக்கு உறுதியாயிற்று. தொலைபேசியில் கேட்டபோது, மீட்டர் காட்டியதைத்தான் எழுதியிருப்பதாகவும், மறுபடி அளக்க வேண்டுமானால் புதிதாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் அலுவலர் சொன்னார். நிச்சயமின்மையைக் குறிப்பிடாத சான்றிதழ் அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி அளவுத்திருத்தச் சான்றிதழே ஆகாது என்று நான் எடுத்துச் சொன்னதற்கு அவரிடம் பதில் இல்லை.

கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை என்று இரண்டு இரவுப் பயணங்கள் அதற்குள் வீணாகிவிட்டன. மூன்றாம் முறை வேறோர் ஆய்வகத்துக்குப் போனேன். போகும் முன்பே, ஆய்வகங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் மின்தடை அளவீடு இருக்கிறதா, 100 ஓமுக்கு அவர்கள் தரக்கூடிய நிச்சயமின்மை எவ்வளவு, நான்கு முனைகளில் அளப்பார்களா ஆகிய மூன்றையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவிட்டேன். அங்கீகாரம் இருக்கிறது என்ற வார்த்தையோடு நின்றுவிடாதீர்கள். எடைக்கல்லுக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஓமுக்கு இல்லாமல் இருக்கலாம். தடையைக் கூரியரில் அனுப்பவும் வேண்டாம், ஓர் அதிர்ச்சி அதன் மதிப்பை நகர்த்திவிடும்.

அங்கிருந்த பொறியாளர் வெயிலில் வந்த பெட்டியை உடனே தொடவில்லை. 23 டிகிரி அறையில் ஓர் இரவு வைத்திருந்து, இரண்டு முனைகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தத்தை அளந்தார். 100.003 ஓம், நிச்சயமின்மை 0.002 ஓம், அளந்த கருவி புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தரத்தோடு தொடர்புபட்டிருக்கும் சங்கிலி என எல்லாம் சான்றிதழில் இருந்தன. இம்முறை மேசையருகே நின்றே ஒவ்வொரு வரியையும் படித்தேன்.

ஊர் திரும்பியதும் லாகரின் முனைகளில் தடையை இணைத்தேன், 0.01 டிகிரி காட்டியது. லாகர்மீது குற்றமில்லை. அதே தடையைக் கம்பத்தின் மேலே, வெப்பமானி இணையும் இடத்தில் பொருத்தியபோது 0.44 டிகிரி வந்தது. எங்களுடையது மூன்று கம்பி இணைப்பு. மூன்று கம்பிகளின் தடையும் சமமாக இருக்கும் என்ற கணக்கில்தான் லாகர் திருத்தம் செய்கிறது. இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால், கச்சான் காற்று கொண்டுவந்த உப்பில் ஒரு திருகு மட்டும் பச்சைக் களிம்பேறி, தனக்கென 0.17 ஓம் சேர்த்துக்கொண்டிருந்தது. கடலோரத்தில் கருவி வைத்திருப்பவர்கள் லாகரோடு நிறுத்தாமல், தரத் தடையை வெப்பமானியின் இடத்திலும் ஒருமுறை இணைத்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் 110 ஓம் தரத் தடை ஒன்றையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள், அது 25.7 டிகிரிக்கு இணையானது, நம் கரையின் காற்றுக்கு நெருக்கமானது.

திருகை மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் பூசி மூடிய பின் கம்பத்தின் உச்சியிலும் 0.02 டிகிரி வந்தது. ஜூன், ஜூலை மாதங்களின் வெப்பநிலைப் பதிவு முழுவதற்கும் சந்தேகக் குறியிட்டு, காரணத்தையும் சான்றிதழின் எண்ணையும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.