பிப்ரவரியோட முடிஞ்சு போற டிரம் சத்தம்

பிப்ரவரி வந்துட்டா, அது கறுப்பின வரலாற்று மாசம்ங்கறதால, இங்க அமெரிக்காவுல நிறைய ஸ்கூல்ல ஒரு ஆப்பிரிக்க டிரம் ப்ரோகிராம் வெச்சிடுவாங்க. ஜிம்ல பிள்ளைங்க எல்லாரையும் தரையில உக்கார வெச்சு, வெளியில இருந்து ரெண்டு மூணு கலைஞர்கள் ஜெம்பே (கையால அடிக்கிற மேற்கு ஆப்பிரிக்க டிரம்) கொண்டு வந்து வாசிச்சு, கடைசியில கொஞ்சம் பிள்ளைங்கள முன்னாடி கூப்பிட்டு ஆட வெச்சு, கைதட்டி போட்டோ எடுத்து முடிச்சா, அதுக்கப்புறம் அடுத்த பிப்ரவரிதான். வர்ற கலைஞர்கள் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, கெடைச்ச கொஞ்ச நேரத்துல உயிரக் குடுத்து வாசிக்கிறாங்க. ஆனா அத பாக்குற ஒரு கறுப்பினக் குழந்தைக்கு இது நம்மளுது, நம்ம பாட்டன் முப்பாட்டன் விட்டுட்டுப் போன சொத்துன்னு மனசுல படுறதுக்குள்ள பெல் அடிச்சிடுது.

இத்தனைக்கும் கார்ட்டர் வுட்சன்ங்கற கறுப்பின வரலாற்றாசிரியர் 1926ல இந்த வரலாற்றுக் கொண்டாட்டத்த ஆரம்பிச்சப்ப (அப்ப ஒரு வாரம்தான், 1976லதான் மாசம் ஆச்சு) அவரு மனசுல இருந்ததே வேற. வருஷம் பூரா படிச்சத அந்த வாரத்துல ஊருக்கு எடுத்துக் காட்டணும், அவ்ளோதான். இப்ப வருஷம் பூரா படிக்கிறத விட்டுட்டு எடுத்துக் காட்டுறத மட்டும் வெச்சிக்கிட்டோம்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னு யோசிக்கிறப்ப எனக்கு எப்பவும் கென்னத் கிளார்க், மேமி கிளார்க்ங்கற உளவியல் நிபுணர் தம்பதியோட பொம்மை சோதனைதான் ஞாபகம் வரும். 1940கள்ல சின்னப் பிள்ளைங்க கிட்ட ஒரு வெள்ளை பொம்மையும் ஒரு பிரவுன் பொம்மையும் காட்டி எது நல்ல பொம்மைன்னு கேட்டாங்க. கறுப்பினப் பிள்ளைங்கள்லயே பெரும்பாலானவங்க வெள்ளைய காட்டுச்சுங்க. ஸ்கூல்ல கறுப்பு வெள்ளைன்னு பிள்ளைங்கள பிரிச்சு வைக்கக் கூடாதுன்னு சொன்ன 1954 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல கூட அந்த ஆராய்ச்சிய மேற்கோள் காட்டியிருக்காங்க. தீர்ப்பு ஸ்கூல் கதவத் திறந்து விட்டுச்சு சரி, ஆனா அந்த பிரவுன் பொம்மைய ஒரு குழந்தை ஆசையா எடுக்குற மாதிரி மனச மாத்துறது கோர்ட்டால ஆகுற காரியம் இல்லையே. அந்த வேலைய இழுத்துப் போட்டு செஞ்சது டான்சர்ங்க, டிரம்மர்ங்க, ஓவியர்ங்க, அதுவும் பெரும்பாலும் அவங்க சொந்த வீட்லயும் சர்ச் ஹால்லயும்.

மார்கரெட் பரோஸ்னு சிகாகோ ஓவியர், ஸ்கூல் டீச்சரும் கூட. 1961ல அவங்களும் அவங்க கணவரும் சேந்து குடியிருந்த வீட்லயே ஒரு கறுப்பின வரலாற்று மியூசியம் ஆரம்பிச்சாங்க, அதுதான் பின்னாடி டுசாபிள் மியூசியம் ஆச்சு. கேத்தரின் டன்ஹம் இன்னும் பெரிய ஆளு, உலகம் பூரா மேடை ஏறுன டான்சர், மானுடவியல் படிச்சவங்க, 1930கள்லயே ஹெய்ட்டிக்கு போயி அங்க உள்ள ஆட்டங்கள ஆராய்ச்சி பண்ணவங்க. அவங்க நெனச்சிருந்தா நியூயார்க்ல சொகுசா இருந்திருக்கலாம், ஆனா 1967ல ஈஸ்ட் செயின்ட் லூயிஸ்னு வேலையும் இல்லாம பணமும் இல்லாம கெடந்த ஒரு ஊர்ல போயி உக்காந்து, கேங்ல சுத்திக்கிட்டு இருந்த பசங்கள கூப்பிட்டு டிரம்மும் டான்சும் சொல்லிக் குடுத்தாங்க. செனகல்ல இருந்து மோர் தியாம்ங்கற டிரம்மரயும் வரவழைச்சாங்க (பாடகர் ஏக்கானோட அப்பாதான் அவரு). அந்தப் பசங்க ஆப்பிரிக்கான்னா டிவியில காட்டுற காடுன்னு நெனைச்சிக்கிட்டு இருந்திருப்பாங்க, திடீர்னு அந்த மண்ணுல இருந்தே ஒரு ஆளு வந்து எதிர்ல உக்காந்து கையப் பிடிச்சு சொல்லிக் குடுத்தா எப்படி இருந்திருக்கும்!

டிரம்முக்கு ஏன் இவ்ளோ மரியாதைன்னு கேட்டா 1739க்கு போகணும். சவுத் கரோலினால ஸ்டோனோ ஆத்துப் பக்கம் அடிமையா இருந்தவங்க டிரம் அடிச்சு ஆள் சேத்துக்கிட்டே கிளர்ச்சி பண்ணாங்க. அடுத்த வருஷமே, 1740ல, அவங்க டிரம் வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. டிரம்ம பிடுங்கலாம், தாளத்த எப்படி பிடுங்குறது? அது கைக்கும் தொடைக்கும் நெஞ்சுக்கும் காலுக்கும் எறங்கிடுச்சு. ஜூபான்னு சொல்ற அந்த உடம்புத் தட்டு, ஜார்ஜியா கடலோரத்துல இன்னைக்கும் ஆடுற ரிங் ஷவுட் (வட்டமா நகந்துக்கிட்டே, கால குறுக்க போடாம, ஏன்னா குறுக்க போட்டா அது டான்ஸ், டான்ஸ் ஆடுனா பாவம்னு சர்ச் கணக்கு), இப்ப ஹைஸ்கூல் பசங்க மேடையில தரை அதிர ஆடுற ஸ்டெப், இதெல்லாம் ஒரே கயித்துல கோத்த மாதிரி. ஸ்டெப் டீம்ல இருக்குற ஒரு பதினாறு வயசுப் பையனுக்கு இந்தக் கதைய சொல்லிட்டு அதே ஸ்டெப்ப திருப்பி ஆடச் சொல்லிப் பாருங்க, அவன் நிக்கிற நிலையே மாறிடும். ஆப்பிரிக்காவ மையமா வெச்ச கலைக் கல்வின்னு நான் சொல்றது இதத்தான். ஆட்டத்தோட சேத்து அது எங்க இருந்து வந்துச்சு, யாரு காப்பாத்துனா, இப்ப அது யாரு பொறுப்புங்கறதையும் கைமாத்தி விடுறது.

எங்க ஏரியா கம்யூனிட்டி சென்டர்ல சனிக்கிழமை காலையில இப்படி ஒரு கிளாஸ் நடக்குது, எட்டு வயசுல இருந்து பதினஞ்சு பதினாறு வரைக்கும் எல்லாம் ஒண்ணாதான். நான் ஓரமா உக்காந்து நிறைய தடவ பாத்திருக்கேன். பிள்ளைங்க சத்தம் ஜாஸ்தியானா டீச்சரம்மா "அகோ!"ன்னு ஒரு குரல் குடுப்பாங்க, மொத்த ஹாலும் "அமே!"ன்னு பதில் சொல்லிட்டு கப்சிப். கானாவுல இருந்து வந்த பழக்கம் அது, இங்க இப்படிப்பட்ட கிளாஸ்ல நெறைய கேக்கலாம். அப்புறம் நேரா டிரம்ல கை வைக்க விட மாட்டாங்க, முதல்ல வாயால. கன், கோ, டோ, பா, டான்னு சொல்லிச் சொல்லி வாய்ல தாளம் படிஞ்ச பிறகுதான் தோல்ல கை. நம்ம மிருதங்க கிளாஸ்ல சொல்லுக்கட்டு சொல்ற மாதிரியேதான், எனக்கு முதல் நாள் கேட்டப்ப புல்லரிச்சுப் போச்சு. நைஜீரியாவுல இருந்து 1950ல படிக்க வந்த பாபாதுண்டே ஒலாதுஞ்சிங்கற டிரம்மர் இங்க பரப்புன முறை அது. அவரு நியூயார்க் ஹார்லெம்ல ஒரு கலாச்சார சென்டரும் நடத்துனாரு, ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967 ஏப்ரல்ல, சாகுறதுக்கு மூணு மாசம் முன்னாடி, அங்க போயி வாசிச்சாரு.

ஜெம்பேல பேஸ், டோன், ஸ்லாப்னு மூணு சத்தம், அதுல ஸ்லாப் அடிக்கிறதுதான் சின்னப் பிள்ளைங்களுக்கு கஷ்டம். பேஸ் நடுவுல உள்ளங்கை, டோன் ஓரத்துல விரல சேத்து வெச்சு, ஸ்லாப்புக்கு விரல தளர்த்தி சாட்டை மாதிரி விடணும். ஒரு பொண்ணு பலம் போட்டு போட்டு அடிச்சு கை செவந்து போச்சு, டீச்சர் அவ மணிக்கட்ட மட்டும் ரெண்டு விரலால லேசா தூக்கிப் பிடிச்சாங்க, டக்குனு அந்த சத்தம் வந்துச்சு, பாக்குற எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அன்னைக்கு எடுத்தது குக்குங்கற தாளம், கினி நாட்டு காட்டுப் பகுதியோடது, பொம்பளைங்க மீன் பிடிச்சிட்டு வந்து ஆடுறதுன்னு சொல்லி, மேப்ல இடத்தக் காட்டுன பிறகுதான் ஆட்டமே ஆரம்பிச்சுது. முன்னாடி வாசிக்கிறவரு பிரேக் (அடி மாறப் போகுதுன்னு டிரம்ல குடுக்குற சிக்னல்) குடுத்தாதான் டான்ஸ் ஆடுறவங்க அடுத்த அடிக்கு போகணும், அதனால ஆடும்போதும் காது முழுக்க டிரம் மேலயே இருக்கணும். முடிஞ்சதும் ஆடுனவங்க எல்லாரும் டிரம் பக்கம் போயி, குனிஞ்சு தரையத் தொட்டு, அதே கைய நெஞ்சுல வெச்சிட்டுத்தான் தண்ணி குடிக்கப் போறாங்க.

எல்லா கிளாசும் இப்படி இருக்குன்னு சொல்ல மாட்டேன். சில இடத்துல ஆப்பிரிக்கான்னு ஒரே ஒரு நாடு இருக்குற மாதிரி பேசுறாங்க, 54 நாடு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் எத்தன மொழி, எத்தன ஆட்டம். இன்னும் சில இடத்துல நீ ராஜா பரம்பரை, நீ ராணி பரம்பரைன்னு மட்டும் சொல்லி நிறுத்திடுறாங்க. அது எனக்கு ஒப்பல. நெசவு பண்ணவன், இரும்பு அடிச்சவன், வயல்ல நின்னவன் பரம்பரைன்னா பெருமை கொறஞ்சிடுமா என்ன? கானாவோட கென்டே துணிய ராஜா போட்டாருன்னு சொல்லும்போதே, அங்க போன்வைர்ங்கற ஊர்ல ஒரு நெசவாளி கையளவு அகலத்துல பட்டை பட்டையா நெய்ஞ்சு, அப்புறம் அத சேத்துத் தைக்கிறத காட்டுங்க. சின்ன அட்டைத் தறி ஒண்ணு பண்ணிக் குடுத்தா பிள்ளைங்க மணிக்கணக்கா அதுலயே உக்காந்திருக்கும்.

பிலடெல்பியால 2005லயே ஹைஸ்கூல் முடிக்கணும்னா ஆப்ரோ அமெரிக்க வரலாறு படிச்சே ஆகணும்னு கொண்டு வந்துட்டாங்க, நல்ல விஷயம். ஆனா வரலாறு புத்தகத்துல வந்தாலும் டிரம்மும் டான்சும் பெரும்பாலும் ஸ்கூலுக்கு வெளியிலதான் நிக்குது, ஒரு கிராண்ட் (உதவிப் பணம்) வந்தா நடக்கும், கிராண்ட் நின்னா டீச்சர் தன் கைக்காச போட்டு நடத்துவாங்க. எங்க சென்டர்லயும் டிரம்முக்கு ஆட்டுத் தோல் மாத்துறதுக்கே பெத்தவங்க எல்லாம் காசு சேத்துத்தான் குடுக்குறோம்.

நியூயார்க் பக்கம் இருக்கீங்கன்னா மே மாசக் கடைசியில மெமோரியல் டே வாரத்துல புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்ல டான்ஸ்ஆப்பிரிக்காங்கற ஆப்பிரிக்க நடன விழா நடக்கும், சக் டேவிஸ் 1977ல ஆரம்பிச்சது. ஆப்பிரிக்காவுல இருந்து வர்ற பெரிய குழுவுக்காகத்தான் எல்லாரும் டிக்கெட் வாங்குறாங்க, நீங்க அதே மேடையில ஆடுற, புரூக்ளின்லயே பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட்ங்கற ஏரியாப் பிள்ளைங்களுக்காக வாங்குங்க. சீக்கிரமா போங்க, ஆரம்பத்துல பெரியவங்க எல்லாம் வரிசையா உள்ள வருவாங்க, அப்ப எந்திரிச்சு நிக்கணும்.