வரைபடத்தில் இல்லாத ஓடை: நாசிக்கில் ஒயின் ஆலை வடிவமைத்த அனுபவம்

போன வாரம்தான் பீப்பாய் அறைக்குக் கதவு மாட்டினோம். இரண்டரை வருட வேலை. அதில் ஐந்து மாதம் ஒரு சின்ன ஓடையால் போயிற்று. திராட்சைத் தோட்டத்துக்குள் கட்டடம் கட்டப் போகிற யாராவது இதைப் படித்தால், அந்த ஐந்து மாதமாவது அவர்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இடம் நாசிக் மாவட்டத்தில் ஒரு சரிவு. கீழ்ப்பாதி கரிசல், மேலே பாறை. தோட்டக்காரர் கேட்டது இரண்டுதான்: கட்டடம் கொடிகளை மறைக்கக் கூடாது, சாறு பம்ப் இல்லாமல் தானாக இறங்க வேண்டும். மேல்மட்டத்தில் பழம், நடுவில் தொட்டிகள், அடியில் பீப்பாய்கள். 60 மீட்டரில் 8 மீட்டர் இறக்கம் இருந்ததால் நிலமே பாதி வேலையைச் செய்துவிடும் என்று நம்பினேன்.

நான் முதலில் போனது ஏப்ரல் மாதம். அதுதான் தப்பு. அங்கே அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். அது முடிந்ததும் ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்த பிறகு இன்னொரு கவாத்து. ஏப்ரலில் கொடி மொட்டையாக நிற்கும், கரிசல் வெடித்துக் கிடக்கும், தண்ணீர் எங்கே ஓடும் என்று ஒன்றும் தெரியாது. சரிவின் நடுவில் லேசான ஒரு பள்ளம் இருந்தது. டிராக்டர் தடம் என்று விட்டுவிட்டேன். சர்வேயர் கொடுத்த கான்டூர், அதாவது சம உயரக் கோடுகள், ஒரு மீட்டர் உயர இடைவெளியில் இருந்தது. அரை மீட்டர் பள்ளம் அதில் எப்படி விழும்? சரியாக அதன் மேல்தான் பீப்பாய் அறையை வைத்து வரைந்திருந்தேன்.

கட்டட அனுமதிக்கு ஃபைல் போட்டோம். நான் இருப்பது புனேயில். ஒரு தடவை போய்வர முழு நாள் வேண்டும். முதல் தடவை, ‘க’ பிரதி, அதாவது நிலத்தை அளந்து தரும் வரைபடம், இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, விண்ணப்பித்து, சில வாரம் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாம் தடவை “பரப்பு ஒத்துவரவில்லை” என்று ஒரே வரி. எந்தப் பரப்பு, எதோடு ஒத்துவரவில்லை என்று மூன்று முறை கேட்டேன். அந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மழையில் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போனவனுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பதில் கிடைத்தது ஊர்த் தலாத்தியிடம் (கிராம நிர்வாக அலுவலர்). நம் ஊர் சிட்டா, அடங்கல் மாதிரி அங்கே ‘சாத்-பாரா’, அதாவது 7/12. அதில் ‘போட்கராப்’ என்று ஒரு கட்டம் உண்டு. சாகுபடி ஆகாத நிலம். அதிலும் இரண்டு வகை. ‘அ’ என்றால் பாறை, கல்தரை. ‘ப’ என்றால் பாதை, நீரோடை போன்ற பொதுப் பயன்பாட்டு நிலம். என் பீப்பாய் அறை உட்கார்ந்திருந்தது ‘ப’ மேல். அவர் என்னை நேரே தோட்டத்துக்கே கூட்டிப் போய்க் காட்டினார். ஏப்ரலில் நான் டிராக்டர் தடம் என்று நினைத்த இடத்தில் முழங்கால் அளவுக்குக் கலங்கிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தர் மேல் இருந்த கோபம் வேறு. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் ஃபைல் திரும்பி வந்ததே நல்லது என்று தோன்றியது. 7/12-ஐ மராத்தி தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் படித்த பிறகே பென்சிலைத் தொடுங்கள்.

கட்டடத்தை 22 மீட்டர் தள்ளினேன். அங்கே இறக்கம் 5 மீட்டர்தான். மூன்று மட்டம் வேண்டுமென்றால் கடைசி மட்டத்துக்குப் பாறையை வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்குத் தனிச் செலவு. ஆனால் கட்டடத்தின் முகமே அந்த வெட்டிலிருந்துதான் வந்தது. வந்து குவிந்த கருப்பு பசால்ட்டைக் கம்பிக்கூடைகளில் அடுக்கி வெளிச்சுவராக்கினோம். கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் ஹெர்சாக் – டெ மியூரான் கட்டிய டொமினஸ் ஒயின் ஆலை இதற்கு முன்னோடி; அதுவும் அந்தப் பகுதிப் பசால்ட்தான். ஆனால் அங்கே கோடையில் மழை கிடையாது. இங்கே நாலு மாதம் தென்மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். கல்கூடைக்குப் பின்னால் இடைவெளி விட்டு இன்னொரு சுவர் எழுப்பாமல் இதைச் செய்யாதீர்கள். முதலில் அடுக்கிய இரண்டு வரிசையில் ஒப்பந்தக்காரர் பொடிக்கல்லைக் கொட்டி நிரப்பிவிட்டார். அது கம்பிக் கண் வழியே உதிர்ந்து, கூடை வயிறு தள்ளியது. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப அடுக்கினோம். பாம்பு அடையுமே என்று வேலையாட்கள் பயந்தார்கள். நியாயமான பயம். டொமினஸில் அடி வரிசைக்கு மட்டும் சின்னக் கண் வலை போட்டிருப்பதும் பாம்புக்காகத்தான், அதையே செய்தோம்.

இன்னொன்று, நிலத்துக்கடியில் போனால் ஏசி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நானும் நாசிக் பக்கத்துப் பாண்டவ்லேணிக் குகைகளுக்கு மே மாதம் போய், உள்ளே இருந்த குளிர்ச்சியில் மயங்கியவன்தான். ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் வருடாந்தர சராசரியை ஒட்டியே இருக்கும். ஐரோப்பாவில் அது 12, 13 டிகிரி. நாசிக்கில் கிட்டத்தட்ட 25. பீப்பாய்க்கு வேண்டியது 15 வாக்கில். மண் ஏசியின் பாரத்தைக் குறைக்கும், முழுவதும் சுமக்காது.

ஒயின் தயாரிப்பாளரை முதல் நாளே கூட்டத்தில் உட்கார வையுங்கள். நான் மூன்றாவது மாதம்தான் கூப்பிட்டேன். அவர் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “கீழே காற்று எங்கே வெளியேறும்?” ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது ஏறக்குறைய 50 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். அது காற்றைவிடக் கனம். மட்டம் மட்டமாக இறங்கி, ஆட்கள் வேலை செய்கிற அடி அறையில் தேங்கும். உயிரே போகும். நான் வெளியேற்றும் விசிறிகளைக் கூரைக்குக் கீழே வைத்திருந்தேன். எல்லாவற்றையும் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து, எச்சரிக்கைக் கருவியும் வைத்தோம்.

அடித்தளம், கூரை, மின்வேலை எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. தூண்களைக் கொடிவரிசையின் இடைவெளிக்கே வைத்தேன். இரண்டு வரிசைக்கு ஒரு தூண். தேனி மாவட்டம் கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடந்து வளர்ந்தவனுக்கு இந்த வரிசைகளின் நேர்கோடு ஆரம்பத்தில் அந்நியமாக இருந்தது. இப்போது மேல்தளத்தில் நின்றால் வரிசை எங்கே முடிகிறது, தூண் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

நேற்று அங்கே முதல் மழை. தோட்டத்து ஆள் ஒருவர் போனில் வீடியோ அனுப்பினார். ஓடை கல்சுவரை ஒட்டி, தன் பழைய தடத்திலேயே ஓடுகிறது. அப்புறம் கேமராவை உள்ளே திருப்பிக் காட்டினார். பீப்பாய் அறைத் தரை காய்ந்திருந்தது.