மாங்காய் லாரிக்குப் பின்னால் ஒரு ஜென்

போன ஜூன் மாதம், மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது, பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்று, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு எடை மேடையில் என் மாருதி ஜென் காரை ஏற்றினேன். மேடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன லோடு?" என்றார். லோடு எதுவும் இல்லைங்கண்ணா, வண்டிக்கு மட்டும் போடுங்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இறங்கி ஓரமாக நிற்கச் சொல்லி, சீட்டு அடித்துக் கொடுத்தார். 810 கிலோ.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த வண்டி ஷோரூமை விட்டு வந்தபோது 700 கிலோ சொச்சம்தான். ஆறு வருடமாக மாடிஃபை பண்ணுகிறேன், மாடிஃபை பண்ணுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, கடைசியில் ஒரு ஆள் எடையை அதன் முதுகில் கட்டி வைத்திருக்கிறேன். அந்த ஆள் இருபத்து நான்கு மணி நேரமும் இறங்குவதே இல்லை.

வண்டி 1998 மாடல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து விட கார்புரேட்டர் வைத்தது. என்னைப் பொறுத்தவரை இதுதான் என் ஸ்போர்ட்ஸ் கார். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். லேசான ஸ்போர்ட்ஸ் கார் என்று நம் நாட்டில் வந்தவையே கொஞ்சம்தான். கோவாவில் சான் மோட்டார்ஸ், ஃபைபர் பாடியும் ரெனோ இன்ஜினும் வைத்து சான் ஸ்டார்ம் என்று ஒரு இரண்டு சீட்டு வண்டி செய்தார்கள். அதைத் தேடிப் பிடித்து வாங்கினாலும், ஒரு கண்ணாடி உடைந்தால் தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு நான் எங்கே போவேன்? ஜென் என்றால் பஞ்சர் கடைக்காரருக்குக்கூட ஜாக் எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். 993 சிசி, நான்கு சிலிண்டர், அலுமினிய இன்ஜின், 50 குதிரைத்திறன். இதே காரைத்தான் சுசுகி ஆல்ட்டோ என்ற பெயரில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எடை 725 கிலோ. என் வண்டி புதிதில் அதற்குப் பக்கத்து வீடு. என்ன, அதில் 118 குதிரை, என்னிடம் 50. நேர் ரோட்டில் என்னை டாக்ஸிக்காரர்கூட தாண்டிப் போவார், போகட்டும். பிரேக்கை மிதிக்கும்போதும் வளைவில் திருப்பும்போதும் குதிரைக்குப் பெரிதாக வேலை கிடையாது, அங்கே எடைதான் பேசும். லோட்டஸை ஆரம்பித்த காலின் சாப்மன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கொள்கையே எடையைக் குறை என்பதுதான். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்துகொண்டேதான் டிக்கியில் சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி வைத்தேன்.

அந்தப் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து 28 கிலோ. கதவுக்குள்ளும் தரையிலும் சத்தம் வராமல் இருக்க ஒட்டிய தார் ஷீட் கிட்டத்தட்ட பத்து கிலோ. டிக்கியில் எப்போதோ போட்டு மறந்துபோன பழைய பேட்டரி ஒன்று. அப்புறம் 15 இஞ்ச் அலாய் வீல். அலாய் என்றாலே லேசு என்று நினைத்திருந்தேன். மளிகைக்கடைத் தராசில் வைத்தபோதுதான் தெரிந்தது, டயரோடு சேர்த்து ஒவ்வொன்றும் பழைய 13 இஞ்ச் இரும்பு வீலைவிட நான்கு கிலோ அதிகம். உட்காரும் சீட்டில் கூடுகிற நான்கு கிலோவும் சக்கரத்தில் கூடுகிற நான்கு கிலோவும் ஒன்றல்ல. சக்கரத்தில் இருப்பதை ஸ்பிரிங் தாங்குவதில்லை, குழியில் விழுந்து எழும்போது ஷாக் அப்சார்பர்தான் அதை அடக்கியாக வேண்டும். போதாக்குறைக்கு அது சுற்றவும் வேண்டும், 50 குதிரைதான் அதைச் சுற்ற வைக்க வேண்டும். செகண்ட் கியரில் வண்டி ஏன் சோம்பிப் போனது என்று ஒரு வருடமாக ட்யூனிங் செய்துகொண்டிருந்தேன், காரணம் வெளியே பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு, ஸ்பிரிங்கை வெட்டியது. வண்டி தாழ்ந்து நின்றால் அழகு என்று ஒரு பட்டறையில் கொடுத்து முன்னும் பின்னும் ஒரு சுற்று வெட்டிவிட்டார்கள். கேட்டது நான்தான், அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகும், கூடவே மேலும் கீழும் போய்வர இருந்த இடமும் குறையும். ஷாக் மட்டும் பழைய ஸ்பிரிங்குக்குச் செய்த அதே ஷாக். விளைவு, வண்டி தவளை மாதிரி குதிக்கும். பாலக்கோடு ரோட்டில் புளியமரத்து நிழலுக்குள் ஒரு வேகத்தடை. வெள்ளைக்கோடு கிடையாது, போர்டு கிடையாது. ஒருநாள் சாயங்காலம் அதில் 50இல் ஏறி இறங்கினேன். சைலன்சர் கழன்று ரோட்டில் கிடந்தது. டீக்கடையில் இருந்த பெரியவர் ஒருவர் அதை எடுத்து வந்து கொடுத்து, "வண்டி எதுக்கு தம்பி இப்படிக் குனிஞ்சிருக்கு, இடுப்பு புடிச்சிக்கிச்சா?" என்றார்.

சரி, எடைச் சீட்டைக் கொண்டுபோய் என் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தார். பிறகு தார் ஷீட்டைச் சுரண்டும் வேலை, அது என் தலையில் விழுந்தது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அலாயை விற்று 13 இஞ்ச் வீலுக்குத் திரும்பினேன், டயர் அகலம் மட்டும் 145க்குப் பதில் 155. வெட்டாத ஸ்பிரிங், நான்கு புது ஷாக், சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் அத்தனையும் புதிது, கடைசியாக வீல் அலைன்மென்ட். இருபத்தைந்து வருடம் வெயிலில் கிடந்த ரப்பர் புஷ் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதை மாற்றியபின் ஸ்டீயரிங்கில் வந்த மாற்றத்தை எப்படிச் சொல்வது? பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்கூட உள்ளங்கைக்குத் தெரிகிறது.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்குகிற மலைப்பாதையில் விடிகாலையில் போய்ப் பார்த்தேன். 40, 45 வேகம்தான். அந்த வேகத்திலேயே வளைவுக்கு வளைவு சிரிப்பு வருகிறது. அதுதான் லேசான வண்டியின் சௌகரியம், சந்தோஷப்பட நூறு தாண்ட வேண்டியதில்லை. குரங்குக் கூட்டம் ரோட்டில் உட்கார்ந்திருக்கும், அதனால் நூறைப் பற்றி யோசிக்கவும் கூடாது. தொப்பூர் கணவாயில் யாரும் விளையாடிப் பார்க்க வேண்டாம். அந்த இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் வருகிற லாரி உங்களுக்குப் பின்னால் இருக்கலாம், உங்கள் கார் எவ்வளவு லேசோ அவ்வளவு சப்பையாகும். நான் அங்கே தேர்ட் கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கிவிடுவேன். பிரேக்கில் செய்தது புது பேடு, புது லைனிங், பழைய ஆயிலைக் கொட்டிவிட்டு டாட் 4 ஆயில், அவ்வளவுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் இன்ஜினை இதில் இறக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின், இறக்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே கறாராகச் சொல்லிவிட்டது. பதினைந்து வருடம் தாண்டிய கார், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தித்தான் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு அடுத்தது 2028. இதே காரணத்துக்காகத்தான் பின்சீட்டையும் கழற்றவில்லை, ஆர்.சி.யில் ஐந்து சீட் என்று இருக்கிறது. தவிர, ஆடி மாதம் அம்மாவைக் கோயிலுக்கு எதில் அழைத்துப் போவது?

இப்போதைய தலைவலி பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. கம்ப்யூட்டர் வைத்த வண்டி என்றால் அதுவே ஓரளவு கணக்குப் போட்டுக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோல் வருகிற ஜெட்டில் என்ன ஓட்டையோ அதுதான் அளவு. எத்தனால் கலந்ததென்றால் அதை அதிகமாக விட வேண்டும், விடாவிட்டால் காற்று கூடிப்போய் வண்டி தடுக்கும், ஏற்றத்தில் சூடாகும். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளுப்பு குறைந்து காப்பிப்பொடி நிறம் வந்திருக்கிறது. பத்து நாள் சும்மா நிறுத்தினால் மட்டும் காலையில் ஸ்டார்ட் ஆக அழுகிறது, இன்னும் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டில் மறுபடியும் அதே எடை மேடை. 730 வந்தது. ஆட்டம் போடத் தோன்றியது. ஆனால் அந்த 730இல் ஒரு திருட்டுத்தனம் இருந்தது, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தேன். அடுத்த வாரம் அஞ்செட்டி ரோட்டில், யானை கடக்கும் பகுதி என்று போர்டு இருக்கிற இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், பின் டயரில் ஆணி ஏறியது. பால் வண்டிக்காரர் ஒருவர் வீலோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போய் பஞ்சர் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. இப்போது ஸ்டெப்னி டிக்கியில்தான் இருக்கிறது, வண்டி 740 என்று வைத்துக்கொள்ளுங்கள்.