ஆன்சி நாட்குறிப்பு: ஏரியும் பழைய ஊரும்

செப்டம்பர் 13, 2024, வெள்ளி

ஜெனீவாவிலிருந்து பஸ்ஸில் பிரான்ஸ் நாட்டு ஊரான ஆன்சி வந்து இறங்கியபோது காலைச் சந்தை இன்னும் கலையவில்லை. பழைய ஊரில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் சந்தை கூடும். வீடுகளின் கீழ்த்தளத்தில் வரிசையாக வளைவுத் தாழ்வாரங்கள். மழை பிடித்தாலும் நனையாமல் நடக்கலாம்.

ஒரு கடைக்காரம்மா ரெப்லோஷோன் சீஸை வெட்டிக் கொடுத்தார். மேல்தோல் காவி நிறம். உள்ளே கத்தியில் ஒட்டுகிற இளக்கம். பக்கத்து மலைப் பள்ளத்தாக்கின் சரக்கு. அந்தக் காலத்தில் நிலக்கிழாரின் ஆள் குத்தகைக்காகப் பாலை அளக்க வரும்போது குடியானவர்கள் முழுசாகக் கறக்க மாட்டார்களாம். ஆள் போனபின் மறுபடி கறந்த கொழுத்த பாலில் பிறந்த சீஸ் இது. கால் கிலோ வாங்கினேன்.

செப்டம்பர் 14, சனி

தியூ ஆற்றின் நடுவில், கப்பல் முனையைப் போலக் கூராக நீரைப் பிளந்து நிற்கிறது தீவு மாளிகை. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நாணயச்சாலை, நீதிமன்றம், சிறை எல்லாமாக இருந்திருக்கிறது. தீர்ப்புச் சொன்ன கூரையின் கீழேயே அடைத்தும் வைத்தார்கள். 1865 வரை சிறை. இரண்டாம் உலகப்போரில் திரும்பவும். அறைக்குள் போய் நின்றேன். கனத்த சுவர், சின்ன ஜன்னல், கீழே ஓடும் தண்ணீர்ச் சத்தம். அதிக நேரம் நிற்க முடியவில்லை.

மேலே கோட்டை. ஜெனீவா ஆயர்களோடு ஒத்துப்போகாத ஜெனீவா பிரபுக்கள் 13ஆம் நூற்றாண்டில் இங்கே குடிவந்தார்கள். அப்புறம் ஜெனீவா புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபைக்கு மாறியதும், கத்தோலிக்கரான அந்த ஆயர்களே இதே ஊருக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. 1602இல் ஜெனீவா ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியாரும் இங்கிருந்துதான் பணியாற்றினார். நம் ஊர் டான் போஸ்கோ பள்ளிகளை நடத்தும் சலேசிய சபை அவர் பெயரைக் கொண்டதுதான். குன்றின்மேல் உள்ள பசிலிக்காவில் அவர் கல்லறையைக் கும்பிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று முழுக்க ஏரி. இதன் தண்ணீர்தான் தியூவாகப் பழைய ஊருக்குள் ஓடுகிறது. பாலத்தில் நின்று குனிந்தால் அடியில் கூழாங்கற்கள் தெரிகின்றன. நீர்ப்பாசி ஓட்டத்தோடு சாய்ந்து கிடக்கிறது.

இந்தத் தெளிவு தானாக வந்ததில்லை. போன நூற்றாண்டின் நடுவில் கரையோர ஊர்களின் சாக்கடை எல்லாம் ஏரிக்குள்தான் விழுந்தது. ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று பால் லூயி செர்வெத்தா என்ற உள்ளூர் மருத்துவர் விடாமல் எச்சரித்தார். 1957இல் கரையோர ஊர்கள் ஒன்றாகக் கூடின. ஏரியைச் சுற்றிக் குழாய் பதித்து, கழிவு முழுவதையும் ஏரிக்கு வெளியே சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள். வேலை எழுபதுகள் வரை நீண்டது. ஐரோப்பாவில் ஏரிகளைக் காப்பது பற்றிப் பேச்சே பெரிதாக எழாத காலம் அது! எனக்குக் கோட்டையைவிட இந்தக் குழாய் வளையம்தான் பெரிய சாதனை. கோட்டையைக் கட்ட ஒரு பிரபு போதும். இதற்கு எல்லா ஊரும் சம்மதிக்க வேண்டியிருந்தது.

மேற்குக் கரையில் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். நாளை வாடகைச் சைக்கிள் எடுத்து, ஏரியின் தென்கோடியில் உள்ள தூசார் வரை போவதாக எண்ணம்.