மழைக்கு ‘ஆப்பர்ச்சூனிட்டி’ கிடையாது

ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வை முதல் தடவை எழுதியபோது ஸ்பீக்கிங்கில் எனக்கு 9-க்கு 6 வந்தது. மூன்றாவது பகுதியில், உங்கள் ஊர் வானிலை வருங்காலத்தில் எப்படி மாறும் என்று கேட்டார்கள். ‘தேர் இஸ் எ ஹெவி ஆப்பர்ச்சூனிட்டி ஃபார் ரெயின்’ என்று அடித்துவிட்டேன். தினமும் செய்தியில் கேட்கிற ‘கனமழைக்கு வாய்ப்பு’தான் மண்டைக்குள் ஓடியது.

நம் ‘வாய்ப்பு’ வேலைக்கும் பொருந்தும், மழைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஆப்பர்ச்சூனிட்டி என்றால் நாம் பயன்படுத்திக்கொள்ளக் கிடைப்பது. மழைக்கு சான்ஸ்தான். சரி, எவ்வளவு சான்ஸ்? அதிகம் என்றால் ‘குட் சான்ஸ்’, குறைவு என்றால் ‘ஸ்லிம் சான்ஸ்’. பாசிபிலிட்டிக்கு ஜோடி ‘ஸ்ட்ராங்’ அல்லது ‘ரிமோட்’, ப்ராபபிலிட்டிக்கு ‘ஹை’. லைக்லி, அன்லைக்லி இரண்டுக்கும் முன்னால் ‘ஹைலி’ கச்சிதமாக உட்காரும். ஹெவி என்பது ரெயினோடும் டிராஃபிக்கோடும் இருக்கட்டும்.

இன்னொரு வழுக்கல், ‘டெல் எ ப்ரெடிக்‌ஷன்’. நாம் ஜோசியம் ‘சொல்கிற’ ஆட்கள், அதனால் டெல் தானாக வாயில் வரும். அங்கே ப்ரெடிக்‌ஷனை ‘மேக்’ பண்ண வேண்டும். இதைவிட ஆபத்தானது ஹோப். ‘ஐ ஹோப் பொல்யூஷன் வில் இன்க்ரீஸ்’ என்றால் மாசு கூட வேண்டும் என்று ஆசைப்படுவதாக அர்த்தம்! நல்லதோ கெட்டதோ, நடக்கும் என்று நினைத்தால் எக்ஸ்பெக்ட்.

அகாடமிக் ரைட்டிங் முதல் டாஸ்க்கில் சில சமயம் 2050 வரை நீளும் வரைபடம் வரும். 20 நிமிடம், 150 வார்த்தை. முதல் தடவை எல்லா வரியிலும் ‘வில் இன்க்ரீஸ்’ என்றே எழுதினேன், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி. அது வெறும் மதிப்பீடுதானே? ‘இஸ் ப்ரொஜெக்டட் டு’, ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு’, ‘இஸ் ஃபோர்காஸ்ட் டு’ என்று மாற்றி மாற்றி எழுதலாம். ஃபோர்காஸ்ட்டுக்குப் பின்னால் ‘எட்’ போடாமலே எழுதலாம், அதுதான் வழக்கம்.

ஸ்பீக்கிங்கிலும் ரைட்டிங்கிலும் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண். அதற்காக ‘இன் ஆல் லைக்லிஹுட்’டை (‘அநேகமாக’ என்று அர்த்தம்) வாக்கியத்துக்கு வாக்கியம் செருகினால் மனப்பாடம் என்று பளிச்செனத் தெரிந்துவிடும். ஒரு பதிலில் ஒரு தடவை போதும்.

அப்புறம் நான் படித்த விதம். சொல் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதினேன். ஒவ்வொரு ஜோடிக்கும் என் வாழ்க்கையிலிருந்து ஒரு வரி. காலையில் பல் துலக்கிவிட்டு, போனில் வானிலையைப் பார்த்து ஒரு வாக்கியம் சத்தமாகச் சொல்வேன். சென்னையில் மே மாதம் முழுக்க ‘ஸ்லிம் சான்ஸ்’தான். நவம்பர் வந்ததும் ஜன்னலைத் திறந்து ‘இட்ஸ் பௌண்ட் டு ரெயின்’ (மழை நிச்சயம்) என்றேன். “அதுக்கு இங்கிலீஷ் எதுக்குடா, மாடியில துணிய எடு” என்றார் அம்மா.