நூலகத்தைக் கூட்டிய மாணவர்

பகலில் கல்குவாரியில் வேலை, ராத்திரி கல்லூரி நூலகத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை.

இன்று காலை ஜேம்ஸ் ஸ்டில் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவன் இந்த வரியைத் தாண்ட முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியைத் தன் எழுத்தில் வாழவைத்த கவிஞர் அவர். படித்தது டென்னசியில், ஹாரகேட் என்ற சின்ன ஊரில் இருக்கும் லிங்கன் மெமோரியல் பல்கலைக்கழகத்தில். எல்லோரும் போன பிறகு துடைப்பத்தை வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பிப்பாராம், பல நாள் அங்கேயே தூங்கியும் விடுவாராம். அங்கே கிடந்த அட்லாண்டிக் பத்திரிகையின் பழைய இதழ்களை ஆசை ஆசையாகப் படித்தவர், சில வருடங்களில் அதே பத்திரிகையில் எழுதினார்!

1929இல் அவரோடு பட்டம் வாங்கியவர்கள் ஜெஸ்ஸி ஸ்டூவர்ட், டான் வெஸ்ட். மூன்று பேரும் கவிஞர்கள். மூன்று பேரும் அந்த மலைகளைத்தான் எழுதினார்கள்.

அப்புறம் அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார். பெரிய பெயர்தான். ஆனாலும் அவரை உருவாக்கியது அந்த ராத்திரி நூலகம்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். இல்லையென்றால் கென்டக்கியின் ஹிண்ட்மன் பள்ளியில் நூலகராகச் சேர்ந்த பிறகு, சாலை இல்லாத ஓடைக்கரைப் பள்ளிகளுக்குப் பெட்டி நிறையப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு நடந்தே போயிருப்பாரா?

நம் சின்ன ஊர்க் கல்லூரிகள் நூலகத்தை ராத்திரியும் திறந்து வைக்கட்டும். தயவுசெய்து.