கொழுத்தவனுக்குக் கொள்ளு: லாயத்து நோட்டு

ஜூன் 2

ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குக் குண்டனைக் கொண்டு போவது என்று அப்பாரு முடிவு பண்ணிவிட்டார். குண்டன் எங்கள் மட்டக்குதிரை. பெயரே ஜாதகம். அவனைத் தவிர லாயத்தில் இன்னும் நாலு: கிழவி செவ்வந்தி, பந்தய வண்டிக்குப் போகும் புயல், ராணி, ராணியின் மூன்று மாதக் குட்டி.

போன வாரம் லாடம் அடிக்க வந்தவர் குண்டனின் கழுத்தைத் தட்டிப் பார்த்து, "இது சதை இல்லீங்க, கொழுப்பு. காலைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து மனசு சரியில்லை. சரி, இன்று எல்லாவற்றையும் அளந்துவிடுவோம் என்று அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை ஓர் அளவு. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். எல்லாம் சென்டிமீட்டரில் இருக்கவேண்டும்.

தையல் டேப் 150-ல் முடிந்துவிடும். குண்டனின் நெஞ்சுக்குச் சரியாக அந்த முனை வரை வந்தது. நீளம் 128. கணக்குப் போட்டால் 242 கிலோ. அவன் உயரத்துக்கு 210 போதும்.

செவ்வந்திக்கு இரண்டு டேப்பை ஊக்கு போட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. 158, 145. 305 கிலோ. இரண்டு வருஷம் முன்பு இதே குதிரையின் முதுகு பலகை மாதிரி இருக்கும். இப்போது முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினால் தாயக்கட்டையை வரிசையாக அடுக்கின மாதிரி தட்டுப்படுகிறது.

அப்பாரு திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "குதிரைக்குத் தீனி காட்டறதுக்கு நோட்டு எதுக்குக் கண்ணு?"

ஜூன் 5

டாக்டர் வந்தார். டேப்பை விடக் கையை நம்பு என்கிறார். விரலை மடக்கி முட்டியைத் தடவினால் தெரிகிற மாதிரி விலா தட்டுப்பட்டால் குதிரை இளைத்திருக்கிறது. உள்ளங்கையின் சதைமேட்டைத் தொடுகிற மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுத்திருக்கிறது. புறங்கையைத் தடவுகிற மாதிரி, மேலே தோல் மூடியிருந்தாலும் எலும்பு தெரிந்தால் சரி. 1983-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஹெனிக்கி வகுத்த முறையில் 1 முதல் 9 வரை மதிப்பெண். 5 நடுவாந்திரம். குண்டனுக்கு 8 போட்டார், செவ்வந்திக்கு 3. பள்ளிக்கூடமாக இருந்தால் குண்டன்தான் முதல் ரேங்க்.

குண்டனைப் பட்டினி போட்டுவிடலாமா என்று கேட்டேன். அதட்டிவிட்டார். கொழுத்த மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு மொத்தமும் ரத்தத்தில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். தவிர, குதிரையின் இரைப்பையில் இருபத்து நாலு மணி நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், வெறும் வயிறாக விடக்கூடாது. எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்ந்த தீனிக்குக் கீழே இறங்காதே என்றார். இவனுக்கு அது 3.6 கிலோ. காய்ந்த சோளத்தட்டிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும், ஆக 4 கிலோ.

இத்தனை நாள் கோ-4 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லைக் கட்டுக்கட்டாகப் போட்டோம். அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான், ஆனால் இவன் வெட்ட வெட்டத் தின்கிறவன்.

ஜூன் 9

நாலு கிலோவைக் கண்ணி சின்னதாக இருக்கிற வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். சும்மா போட்டால் சீக்கிரமே முடிக்கிறவனுக்கு வெகு நேரம் ஆனது. என்னை அவன் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

ஜூன் 17

செவ்வந்தியின் தீனிக் காடிக்கு அடியில் கூட்டும்போது விளக்குமாற்றில் ஏதோ உருண்டது. பாதி மென்ற புல் உருண்டை, கோழிமுட்டை அளவு, எச்சில் ஊறிப் பச்சையாக. ஒன்றல்ல, ஏழெட்டு. லத்தியை உடைத்துப் பார்த்தால் நீள நீளமாக நார், முழுக் கொள்ளு. அதாவது தின்கிறாள், மெல்ல முடியவில்லை. குடற்புழுவாக இருக்கும் என்று நினைத்து நாங்கள் மருந்து மேல் மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் வாய்க்கு இரும்புச் சட்டம் மாட்டி, டார்ச் அடித்து உள்ளே காட்டினார். மேல் கடைவாய்ப் பல்லின் கன்னத்துப் பக்க ஓரம் அரிவாள் மாதிரி. கன்னத்தின் உட்புறத்தில் பழைய புண், புதுப் புண். குதிரைப் பல் வாழ்நாள் பூராவும் வெளியே வந்துகொண்டே இருக்குமாம், தேய்கிற பக்கம் தேயும், தேயாத ஓரம் கூராகிவிடும். மயக்க ஊசி போட்டு, நீளமான அரத்தால் முக்கால் மணி நேரம் ராவினார். அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. பத்தொன்பது வயதுக் குதிரைக்கு ஒரு தடவைகூடப் பல் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்ல வழியில்லை, எங்கள் வீட்டுக் குதிரை.

ஜூன் 28

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். குதிரை லாயத்தில் இதில் பாதிதான் செல்லும். கொள்ளு மனுஷனை இளைக்க வைக்கிறதோ என்னவோ, குதிரைக்கு அது சத்தான தீனி. குண்டனுக்கு அதை அடியோடு நிறுத்தியாயிற்று. எள்ளு மட்டும் நிஜம். செவ்வந்தியின் ஊறவைத்த தீனியில் நல்லெண்ணெய் 50 மில்லியில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டுகிறேன். வயிற்றைக் கலக்காமல் சதை போடுவதற்கு எண்ணெய் நல்லது. அம்மாதான் விலையைக் கேட்டுவிட்டு, "அதுக்கு இட்லிப்பொடியும் வெச்சுக் கொடு" என்கிறாள்.

ராணியும் இளைத்திருக்கிறாள். பால் கொடுக்கிற குதிரை தன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு வரை பால் சுரக்குமாம். ராணிக்கு அது பத்து லிட்டர். நாம் கறப்பதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோ-4 புல்லில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், தவிட்டில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், இரண்டும் சேர்ந்தால் எலும்பு கெடும் என்றார் டாக்டர். எங்கள் காடியில் இருந்தது அந்த இரண்டும்தான். பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் குதிரைமசால் கேட்டு வாங்கியிருக்கிறேன். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாங்கள் ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஜூலை 3

நேற்று ராத்திரி தூங்கவில்லை. தவிட்டு மூட்டை தீர்ந்துபோக, தம்பி தவிட்டுக்குப் பதிலாகக் கொள்ளையே அதே பெயின்ட் டப்பாவில் அள்ளிப் புயலுக்குப் போட்டுவிட்டான், ஊறவைக்காமல். நாலு லிட்டர் டப்பா. தவிடு என்றால் ஒரு கிலோகூட வராது. கொள்ளு மூன்று கிலோ.

பத்து மணிக்குக் காலால் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தான். திரும்பித் திரும்பி விலாவையே பார்த்தான். படுத்தான், எழுந்தான், மறுபடி படுத்துப் புரண்டான். வயிற்றில் காதை வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. நல்ல குதிரை வயிறு மழை பெய்கிற மாதிரி சதா உருண்டுகொண்டிருக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால்தான் இந்தப் பயம். டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார். அப்புறம் களத்தில் மெதுவாக நடை. தம்பி பேசவே இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தான். நாலேகால் மணிக்கு லத்தி விழுந்தது. அப்பாரு திண்ணையிலிருந்து எழுந்து வந்து, டார்ச் அடித்து அதைப் பார்த்து, "போதும்டா, போய்ப் படு" என்று தம்பியிடம் சொன்னார்.

காலையில் அவரே மளிகைக் கடைக்குப் போய் ஒரு தராசு வாங்கி வந்தார்.

ஜூலை 20

செவ்வந்தி நெஞ்சுச் சுற்றளவு 161. காடிக்கு அடியில் உருண்டை இல்லை.

குண்டனுக்குத் தினம் முக்கால் மணி நேரம் ஓட்டம். லாடம் அடிக்கிறவர் பயந்தது கொழுப்பால் வரும் குளம்பு அழற்சிக்கு. குளம்பில் சூடு இல்லை. தினமும் கை வைத்துப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 14

போன வாரம் அந்தியூர். புதுப்பாளையம் குருநாதசுவாமி கோவில் பக்கம் கால் வைக்க இடமில்லை. மார்வாரி, காத்தியவாரி, மட்டம் என்று எல்லா இனக் குதிரைகளும் வரிசையாக நின்றன. சுழி பார்க்கிறவர்கள், பல்லைப் பிடித்து வயது பார்க்கிறவர்கள், கரும்புச்சாறு விற்கிறவர்கள். எல்லோரும் சுற்றி நின்றது நன்றாகக் கொழுத்த குதிரைகளை. வழவழவென்று எண்ணெய் தடவி, நடுமுதுகில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளம் இரண்டு பக்கமும் கொழுப்பு ஏறியதால் வருவது.

ஒரு வியாபாரி குண்டனைச் சுற்றி வந்தார். "என்னங்க, தேஞ்சு போச்சு. தீனி போடறதில்லீங்களா?" என்றார். போன ஆடியில் கேட்ட விலையில் முக்கால்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாரு முந்திக்கொண்டார். "இருநூத்தி இருபத்தாறு கிலோங்க. நாங்க தராசு வெச்சுத் தீனி போடறோம்."

குண்டன் எங்களோடேயே வண்டியேறி வந்துவிட்டான். இன்று நெஞ்சு 145. செவ்வந்தி 164, 328 கிலோ. டேப்பின் ஒரு முனையை அப்பாரு பிடித்துக்கொண்டார்.